இருபத்தொரு பேருக்கு ஒரு வாய்

யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்பு வாங்கில்களில் இருந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிறவன் ஒன்றில் பாடம் நடத்துகிற சேரையே மடக்கப் பார்க்கிற கெட்டிக்காரன், இல்லையென்றால் மொக்கன். மற்ற எல்லோரும் "விளங்குதா?" என்று கேட்டால் "ஓம் சேர்" என்பார்கள். நானும் ஆறாம் வகுப்பிலிருந்து பதின்மூன்றாம் வகுப்புவரை அப்படித்தான் சொல்லி வந்தேன். அதன் பலன் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று தெரிந்தது.

கெட்டிக்காரன், மொக்கன் என்ற இரண்டு வகையிலும் சேராமல் கேள்வி கேட்ட ஒரு ஆளை நான் முதன்முதலாகக் கண்டது பத்தொன்பது வயதில். குருநகரிலிருந்து வந்த ஒரு அக்கா. பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிறேன் என்று அவருக்குச் சொல்லவுமில்லை. ஏன் சொல்ல முடியாது என்பது போகப்போகத் தெரியும்.

நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கொம்பியூட்டர் பட்டப்படிப்பை நடத்தினார்கள். முதலாம் ஆண்டுக்கு நேராகப் போகத் தகுதி இல்லாதவர்களை ஒரு வருடம் வைத்துத் தட்டி நிமிர்த்துவதற்கு ஒரு வகுப்பு இருந்தது. அதற்குப் பெயர் பவுண்டேசன். அந்த முறை நாங்கள் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேரும் என்னைப்போல உயர்தரத்தில் கோட்டை விட்டுவிட்டு வந்தவர்கள். எஞ்சியவர் அக்கா. அவருக்கு முப்பத்தைந்து வயது. உயர்தரம் எழுதவே இல்லை. கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் ரைப் அடித்த அனுபவத்தை வைத்துச் சேர்ந்திருந்தார்.

முதல் நாள் சேர் பூச்சியம், ஒன்று என்ற இரண்டு இலக்கங்களால் கொம்பியூட்டருக்குள் எல்லாவற்றையும் எழுதுவது எப்படி என்று படிப்பித்தார். வழமைபோலக் கேட்டார், விளங்குதா என்று. வழமைபோலச் சொன்னோம், ஓம் சேர் என்று. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் முன்வரிசையில் ஒரு கை எழும்பியது.

"சேர், எனக்கு விளங்கேல்லை."

பின்னால் சிலர் சிரித்தார்கள். நானும் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை.

"எது விளங்கேல்லை?" என்றார் சேர்.

"எண்ணையும் உப்பிடித்தான் எழுதிறம், எழுத்தையும் உப்பிடித்தான் எழுதிறம் எண்டுறியள். அப்ப உள்ளுக்கை கிடக்கிறது எண்ணோ எழுத்தோ எண்டு மெசினுக்கு எப்பிடித் தெரியும்?"

சேர் சோக்கைக் கீழே வைத்தார். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளம் மனிதர். சுன்னாகம் பக்கம் ஊர். கெட்டவர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முகம் மலர்ந்து, பத்து நிமிடம் நின்று அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்குப் பாடம் விளங்கியது. சிரித்த மற்றவர்களுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும், எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஏன் இந்த வயதில் படிக்க வந்தார் என்பதும் ஒரு கேள்வியில் தொடங்கிய கதைதான். சங்கத்துக் கொம்பியூட்டர் ஒருநாள் பழுதாகிவிட்டது. திருத்த வந்த பொடியனிடம் என்ன பிழை என்று கேட்டிருக்கிறார். "அது சொன்னாலும் உங்களுக்கு விளங்காது அக்கா" என்று அவன் சொன்னானாம்.

"எனக்கு விளங்காது எண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்? அவன் சொல்லிப் பார்க்கவே இல்லையே" என்றார் எங்களிடம். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அது ஒரு ஆராய வேண்டிய விஷயமாக இருந்தது.

சின்ன வயதிலும் அப்படித்தானாம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் ஏதோ கேட்டு வெளியே முழங்காலில் நின்றிருக்கிறார். என்ன கேட்டீர்கள் என்றேன். "ஆண்டவர் அஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பலுகப் பண்ணினதிலை மிஞ்சின பன்னிரண்டு கூடையையும் பிறகு ஆர் சாப்பிட்டது எண்டு கேட்டனான். இண்டைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நம்பிக்கையில் குறை இல்லை. கூடைக் கணக்குத்தான் இடித்தது.

என் அம்மாவை ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது அக்காவும் துணைக்கு வந்தார். டொக்டர் மூன்று குளிசை எழுதித் துண்டை நீட்டினார். நாங்கள் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு எழும்பினோம். அக்கா எழும்பவில்லை. "டொக்டர், உது மூண்டும் எதெதுக்கு? ஒண்டை விட்டால் என்ன நடக்கும்?" என்றார். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள், மனுஷன் எரிந்து விழப்போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அம்மா என் காதுக்குள், "அந்தப் பிள்ளைக்கு வெக்கமே இல்லையோ?" என்றார். ஆனால் அதற்குப் பிறகுதான் அம்மா குளிசையை ஒழுங்காகப் போடத் தொடங்கினார்.

வெட்கம் எங்கள் வீட்டுச் சொத்து. வட்டுக்கோட்டையில் அப்பா கணித ஆசிரியர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் "மாஸ்டரின்ரை மகள்" என்றுதான் என்னைச் சொல்வார்கள். மாஸ்டரின் மகள் கணிதத்தில் கோட்டை விட்டதே போதும். பவுண்டேசன் வகுப்பில், முப்பது வருடத்துக்கு முன் அப்பாவிடம் படித்த யாரோ ஒருவரின் மகன் பக்கத்தில் இருக்க, கையைத் தூக்கி விளங்கவில்லை என்று சொல்வதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். யார் தொடங்கியது என்று நினைவில்லை. தேத்தண்ணி இடைவேளையில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, உதை ஒருக்கா சேரிட்டைக் கேளுங்கோவன்" என்று சொல்வது. நேரில் சொல்ல வெட்கப்பட்டவர்கள் துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு எல்லோருமே துண்டுக்கு மாறினோம். அக்கா அவற்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிரதிபண்ணி, வகுப்பு தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கேட்பார். யாருடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் "எனக்கு விளங்கேல்லை" என்றே தொடங்குவார்.

"என்ரை வாய் என்ன வாடகை வாயே?" என்று ஒருநாள் பகிடியாகச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் தனக்காகக் கேட்டது எது, எங்களுக்காகக் கேட்டது எது என்று எனக்குக் கேட்டவுடனேயே தெரிந்துவிடும். எங்களுடையவை எல்லாம் "அந்தக் கடைசி வரி எப்பிடி வந்தது" என்கிற மாதிரிக் கேள்விகள். அவருடையவை வேறு ரகம். நிரலில் ஒரு செயற்பாடு தன்னைத்தானே திரும்ப அழைக்கும் பாடம் நடந்த அன்று கேட்டார்: "தன்னைத்தானே கூப்பிடுது, அது திரும்பவும் கூப்பிடுது எண்டால், முதல் கூப்பிட்டவர் எங்கை நிண்டு காத்துக்கொண்டிருக்கிறார்?" நான் இப்போது இதே தொழிலில் இருக்கிறேன். அந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான் என்று எனக்கு இன்று தெரியும். அன்று சேருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அன்று அக்கா அதற்கு முன்பே எங்களுடைய ஆறு துண்டுகளைக் கேட்டு முடித்திருந்தார். சேர் களைத்துப்போயிருந்தார். "அதைப் பிறகு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அந்த வருடம் எவ்வளவு முக்கியம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் எதையும் ஒளிக்கிற ஆள் இல்லை. அவருடைய அப்பா பாரிசவாதம் வந்து படுக்கையில் இருந்தார். பகலில் தங்கச்சி பார்த்துக்கொண்டார். தங்கச்சிக்குக் கனடாவில் திருமணம் பேசி முடிந்து, விசா வரும்வரைதான் வீட்டில். பவுண்டேசன் வகுப்பு கிழமை நாட்களில் முழுநாள். முதலாம் ஆண்டுக்குப் போய்விட்டால் சனி, ஞாயிறு வகுப்பு உண்டு. அந்த இரண்டு நாளும் மாமியின் மகள் வந்து அப்பாவைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சங்கத்திலும் ஒரு வருடத்துக்குத்தான் லீவு கொடுத்திருந்தார்கள்.

"இந்த முறை ஏறினால் ஏறினதுதான். இன்னொருக்கா பவுண்டேசன் படிக்க எனக்கு நாளும் இல்லை, ஆளும் இல்லை" என்பார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. உயர்தரம் இல்லாமல் சேர்ந்தவர்கள் சோதனையில் பாஸ் பண்ணினால் மட்டும் போதாது. பட்டப்படிப்பை இவர் தாங்குவார் என்று பாடம் எடுத்த சேர் ஒரு படிவத்தில் எழுதித் தரவேண்டும். எங்கள் வகுப்பில் அந்தப் படிவம் தேவைப்பட்டது அக்கா ஒருவருக்குத்தான்.

மூன்றாம் தவணையில், கொம்பியூட்டர் நினைவகத்தில் ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தின் முகவரியை வைத்துத் தகவல்களைக் கோக்கும் பாடம் வந்தது. எனக்கு அது தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. பொருளையே வைத்திருக்கலாமே, எதற்காக அதன் முகவரியை வைத்திருக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை காலை இதைத் துண்டில் எழுதி அக்காவிடம் நீட்டினேன்.

வாசித்துவிட்டுத் தயங்கினார். "உதை நான் திங்களும் கேட்டனான், புதனும் கேட்டனான். வேறை ரெண்டு பேர் தந்தவை. எனக்கு உது விளங்கீட்டுது. வாரும், நானே சொல்லித் தாறன்."

"இல்லை அக்கா, சேர் சொன்னால்தான் ஒழுங்காய் எழுதி எடுக்கலாம்" என்றேன்.

சங்கத்தில் ரைப் அடித்த ஒருவர் எனக்கு என்னத்தைச் சொல்லித் தரப்போகிறார் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் துண்டைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று பார்த்து நிறுவனத்தின் பணிப்பாளர் வகுப்பைப் பார்வையிட வந்து பின்வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சேர் வழமையைவிட விறைப்பாக நின்றார். பாடம் முடியும் நேரம் அக்காவின் கை எழும்பியது.

"சேர், எனக்கு விளங்கேல்லை. முகவரிக்குப் பதிலாய் அந்தப் பொருளையே வைச்சிருந்தால் என்ன?"

சேரின் முகம் கறுத்தது. பின்வரிசையை ஒருமுறை பார்த்தார். "இந்தக் கிழமை இது மூண்டாம் தரம்" என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். "இது விளங்காத ஆக்கள் வேறை ஆரும் இருக்கினமோ? இருந்தால் கையைத் தூக்குங்கோ."

மின்விசிறி சுற்றியது. ஒருவரும் தூக்கவில்லை. திங்கட்கிழமைத் துண்டு கொடுத்தவரும் தூக்கவில்லை, புதன்கிழமைத் துண்டு கொடுத்தவரும் தூக்கவில்லை. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நாங்கள் சங்கடப்படுவோம் என்றுதான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரை. சேரின் கண் என்மேல் நின்றது.

"உமக்கு?"

"விளங்கீட்டுது சேர்" என்றேன்.

கூட இருந்த ஆண்டவரையே தெரியாது என்று சீடர் ஒருவர் மறுதலித்த கதையை ஞாயிறு பாடசாலையில் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். அந்த மனிதருக்காவது உயிர்ப்பயம் இருந்தது. எனக்கு என்ன பயம்? மாஸ்டரின் மகளுக்கு விளங்கவில்லையாம் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான்.

சேர் சலிப்போடு திருப்பிச் சொல்லி முடித்தார். இடைவேளையில் அக்கா ஒரு பணிஸையும் தேத்தண்ணியையும் வாங்கிக்கொண்டு வந்து வழமைபோல எனக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா என்று தொடங்கினேன்.

"பரவாயில்லை, அவர் திருப்பிச் சொன்னவர்தானே" என்றார். பிறகு பணிஸில் பாதியைப் பிய்த்து என்னிடம் தந்துவிட்டுக் கேட்டார்: "உமக்கு இப்ப விளங்கிச்சுதோ?"

ஓம் என்றேன். அதுவும் பொய். பொய் சொல்லிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த பதற்றத்தில் சேர் திருப்பிச் சொன்ன ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

சோதனை வந்தது. அக்கா வகுப்பில் நான்காவது. நான் ஒன்பதாவது. பாஸ் பண்ணினவர்களுக்குக் கடிதம் வந்த கிழமை அக்கா பஸ் நிலையத்தில் எனக்காகக் காத்து நின்றார். அவருக்கு வந்த கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். சேர் படிவத்தில் எழுதியதை அப்படியே போட்டிருந்தார்கள். உழைப்பாளி; ஆனால் அடிப்படை விஷயங்களைக்கூடப் பலமுறை விளக்கவேண்டியிருக்கிறது; பட்டப்படிப்பின் வேகத்தைத் தாங்குவது கடினம்; பவுண்டேசன் ஆண்டை மீண்டும் படிப்பது நல்லது. பதினான்கு நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

"அக்கா, அதுகள் எங்கடை கேள்வியள். நான் சேரிட்டைப் போய்ச் சொல்லுறன்" என்றேன்.

வேண்டாம், உமக்கேன் கரைச்சல் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஓம், சொல்லும். நீர் சொன்னால் உதவியாயிருக்கும். உம்மடை வாயாலை வந்தால் அவர் நம்புவார். பிறகு நான் கடிதம் எழுதிறன்" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

செவ்வாய்க்கிழமை சேரின் அறைக்குப் போனேன். போனது உண்மை. உள்ளே வரச் சொல்லி, நான் வாயைத் திறக்கமுதல் அவரே தொடங்கிவிட்டார். "உம்மைப்போல பிள்ளையளாலைதான் இந்த வகுப்பு நிமிர்ந்தது. ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டீர். எல்லாத்தையும் பிடிச்சிட்டீர். அப்பாவின்ரை மூளை." அந்த வாரம்தான் அவர் அப்பாவைச் சந்தையில் கண்டு இதையே சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து, உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, என் தலையில் கை வைத்தார். நான் சேரின் மேசையில் இருந்த பேனைக் கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தாங்ஸ் சேர், போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை நாளையாகப் பத்து நாள் போனது. அக்கா இரண்டு தரம் போன் எடுத்தார். நான் எடுக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் பின்னேரம் பொறுக்கமுடியாமல் குருநகருக்குப் போனேன். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பஸ்ஸில் இருந்து அதற்கான வசனங்களைக்கூட ஒழுங்குபண்ணி வைத்திருந்தேன்.

முன்னறையில் அவருடைய அப்பா படுத்திருந்தார். தங்கச்சியின் பெட்டி பாதி அடுக்கியபடி சுவரோரம் இருந்தது, விசா வந்துவிட்டதாம். மேசையில் ரைப் அடித்த மேன்முறையீட்டுக் கடிதம் கிடந்தது. இரண்டாம் பந்திக்குக் கீழே இடம் விட்டிருந்தார். நான் சேரிடம் பேசியதைக் குறிப்பிட்டு எழுதுவதற்கு விட்ட இடம்.

"வாரும், வாரும்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். தங்கச்சியும் வந்து நின்றார். படுத்திருந்த மனிதரும் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"சேரிட்டைச் சொன்னனீரோ?"

மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று நாளாக இன்னும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓம் அக்கா, சொன்னனான்" என்றேன்.

"என்னவாம்?"

"அவர்... அப்பிடியெண்டாலும் மாத்தேலாது எண்டு சொன்னவர்."

நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். எப்போது சொன்னீர், என்ன வார்த்தையில் சொன்னார், ஏன் மாற்ற ஏலாது என்று ஒன்றே ஒன்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருப்பேன். பிடிபடவேண்டும் என்று உள்ளுக்குள் மன்றாடினேன். டொக்டரிடமும் சிஸ்டரிடமும் சேரிடமும் விடாமல் கேட்ட மனுஷி என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. என்னை அப்படி நம்பினார்.

"அப்ப எல்லாம் தெரிஞ்சும்தான் எழுதியிருக்கிறார்" என்றார். "படிச்ச மனிசன், ஒரு வருசம் என்னைப் பார்த்தவர். எனக்கு மூளை காணாதுதான் போலை."

கடிதத்தை இரண்டாக மடித்து அலுமாரிக்குள் வைத்தார். தங்கச்சியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். நீராவது நல்லாய்ப் படியும், முதலாம் ஆண்டிலை கணக்கு கூடவாம், விடாதையும் என்றார். நான் அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் நான்கு மணியோடு மேன்முறையீட்டுக் காலம் முடிந்தது. நான்கு மணிக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். போன் என் கையில் இருந்தது. சேரின் நம்பரும் அதில் இருந்தது.